மர அணிலும் மரப்பாசியும்

மலாய் மொழியில் அணிலுக்குத் ‘தூப்பாய்’ என்று பெயர். அணில்போல் தோன்றினும் அணிலினத்தைச் சேராத மர மூஞ்சூறையும் அப்பெயராலேயே அழைப்பர். தமிழ் வழக்கும் இதற்கு இளைத்ததன்று. குளத்தில் மிதப்பதும் பாசி, மரப்பட்டையில் படர்வதும் பாசி.

ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய் வட்டாரத் தோட்டங்களில் ஓடித் திரியும் அணில், தமிழகத்து அணிலன்று. தமிழகத்து அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. இராமர் தடவிய விரலடையாளம் என்பர். இதற்கோ கோடுகள் விலாவில், வயிறு செம்பழுப்பு. 1785-இல் டச்சு அறிஞர் பொடார்ட் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். மரங்களில் வெண்பச்சைத் திண்டுகளாகப் படரும் ‘ஆக்டோபிளெஃபாரம்’ என்னும் பாசிக்குப் பெயரிட்டவர் ஹெட்விக். அதன் வித்துப்பை வாயில் பற்கள் எட்டு; பெயரிலுள்ள எட்டு அதுவே. ஹெட்விக் 1799-இல் மறைந்தார். நூல் 1801-இல்தான் வெளிவந்தது.

1877-இல் சிங்கப்பூர் வந்த ரப்பர் நாற்றுகளுள் சில, பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்க் காடுகள் பல கித்தாக் காடுகளாயின. பெருங்காட்டு உயிர்கள் ஒதுங்க, இவ்விரண்டும் தோட்டத்தில் குடியேறின. அணில் பழம், பட்டை, பூச்சி என்று கிடைத்ததைத் தின்றது. கொக்கோ பயிரிட்டோர்க்குப் பகையும் ஆயிற்று. வேரில்லாப் பாசி மழைநீரை இலையாலேயே உறிஞ்சும். வறண்டால் சுருங்கிக் கிடந்து மறுமழையில் உயிர்க்கும். கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும் மட்டையடி இடுக்குகளில் அதற்கு இடம் கிடைத்தது.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும் செம்பட்டியலில் இவ்வணில் ‘குறைந்த கவலைக்குரியது’. பெருங்காட்டை நம்பி வாழும் அதன் உறவான கருமலையணிலோ ‘அச்சுறுத்தலை நெருங்குவது’. பாசியினங்களில் பெரும்பாலானவை அப்பட்டியலில் மதிப்பிடப்படவே இல்லை. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலும் விலங்குகளுக்கே இடம். பட்டியலில் இல்லாமை ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகாது. எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்கே சான்றாகும்.

தோட்டத்துப் பாசிக்கு இதனால் பெருங்கேடில்லை. வெப்பநாடுகளெங்கும் அது உண்டு. கவலை சிம்பாங் பூலாயைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றியது. சுண்ணப்பாறையைப் பற்றி வாழும் செடிகளிலும் நத்தைகளிலும் ஒரே குன்றோடு நின்றுவிடுபவை உள. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்னும் குன்று கல்லுடைப்பால் மறைந்தபோது, அங்கன்றி எங்குமில்லாத சிறு நத்தையினம் ஒன்று உலகினின்றே அற்றது. அதன் பெயரேனும் செம்பட்டியலில் எஞ்சிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கிலும் கல்லுடைப்பு நடைபெறுகிறது. வெடியோசை கேட்டால் அணில் அடுத்த மரத்துக்கு ஓடும். பாறைப்பாசி பாறையோடு அரைபடும்.