தோட்டத்து மனு போன வழி

ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து எந்த ரப்பர்த் தோட்டத்திலும் அந்தக் காலத்து விடியல் ஒரே மாதிரிதான். மணி அடிக்கும். இருட்டோடு இருட்டாக ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி பேர் கூப்பிடுவார். லயத்துக் கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் போதவில்லையா, எல்லாவற்றையும் அங்கேதான் சொல்ல வேண்டும். கங்காணி வழியாகக் கிராணிக்கும், கிராணி வழியாகத் தோட்ட மேலாளரான துரைக்கும் அது போக வேண்டும். போனதா என்பது கூரை ஒழுகுவது நின்றால்தான் தெரியும்.

வீடும் சாலையும் தண்ணீரும் மருந்தும் பள்ளிக்கூடமும் கோயில் நின்ற மண்ணும் கம்பெனிக்குச் சொந்தம். சம்பளம் கொடுத்தவரே ஊரையும் ஆண்டார். அவர் மீது புகார் என்றால் அவரிடமே சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனையும் எந்த மண்ணில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நெகிரி செம்பிலானின் அடாட் பெர்பத்தே மரபில் குடும்பத்தார் கூடித் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தலைவர்கள் குலத்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜோகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் தலைவர்களான உண்டாங்குகள் கூடி மாநில ஆட்சியாளரையே தேர்ந்தெடுக்கிறார்கள். கீழிருந்து மேலே ஆள் தேரும் வழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய மாநிலத்தில்தான், தோட்ட எல்லைக்குள் மட்டும் எல்லா அதிகாரமும் மேலிருந்து கீழே இறங்கியது.

வெளியிலிருந்து காது கொடுத்தவர்கள் சிலர் இருந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தொழிலாளர் இலாகா அதிகாரிகள் லயங்களைப் பார்வையிட்டார்கள். இந்திய அரசின் ஏஜெண்டு கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார். தோட்டத்து வாழ்க்கை பொதுப் பதிவேட்டில் ஏறிய முதல் இடங்களில் அதுவும் ஒன்று. இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்துவிட்டு 1937இல் அறிக்கை தந்தார். மறு ஆண்டே, கூலிக் குறைப்பைக் காரணம் காட்டி, பயண உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு நிறுத்தியது. ஆனால் இவர்கள் யாரையும் பால்மரம் வெட்டியவர் தேர்ந்தெடுக்கவில்லை.

1941இல் அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியல் இன்று படித்தாலும் மனத்தைக் கனக்க வைக்கிறது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. கடைசிக் கோரிக்கையை எழுத நேர்ந்ததே அன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

போருக்குப் பின் நெகிரி செம்பிலானிலிருந்தே தொழிற்சங்கக் குரல் எழுந்தது. கேரளத்தில் பிறந்த பி. பி. நாராயணன் இந்த மாநிலத்துத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டி, 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். 1962இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. துரையிடம் ஒற்றை ஆளாக நின்று கெஞ்சிய மனு, இப்போது சங்கக் கிளைத் தலைவர் கையெழுத்தோடு மேசைக்குப் போனது. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் அது உதவியது. சாலைக்கும் சாக்கடைக்கும் யாரிடம் போவது?

அதற்கான வாசல் நகரங்களில் திறந்துகொண்டிருந்தது. 1951இல் ஜார்ஜ்டவுனில் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. அதன் பின் மற்ற நகரங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் வாக்களித்துத் தங்கள் மன்றங்களை அமைத்தார்கள். தோட்டமோ தனியார் நிலம். அங்கே வீட்டு வரி இல்லை. வரி இல்லாததால் மன்றத்தின் குப்பை வண்டியும் இல்லை.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று அன்றைய பிரதமர் துங்கு வாக்குறுதி அளித்தார். முறைகேட்டுப் புகார்களின் பேரில் மாநில அரசு கையில் எடுத்துக்கொண்ட மன்றங்களில் சிரம்பானும் ஒன்று. அந்த ஆண்டே ஊராட்சிகளை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968 டிசம்பரில் ஆணையம் தந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. மலேசிய ஊராட்சி வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணத்தைக் காண்பது அரிது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆதி நாகப்பன் என்ற பெயர் தெரிய வேண்டும். அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முடிவு கட்டியது. அன்றிலிருந்து உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. 2018இல் ஆட்சி மாறியபோது தேர்தல் பேச்சு மீண்டும் எழுந்தது. ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர் அதை மறுத்துவிட்டார்.

இதற்கிடையே தோட்டங்களே கரைந்தன. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற குடியிருப்புகள் பழைய தோட்ட மண்ணில் எழுந்தவை. 2020இல் சிரம்பான், நீலாய் மன்றங்கள் இணைந்து மாநகர் மன்றம் ஆயின. லயத்தில் பிறந்த பலர் இன்று அதற்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கு உரிமைகளும் உண்டு. ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழுக்கூட்டத்தில் பொதுமக்களும் பத்திரிகையாளரும் போய் உட்காரலாம். நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட வரைவு வெளியானதும் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதித் தரலாம்.

ஆனால் பழைய பள்ளம் இன்னும் முழுதாகத் தூரவில்லை. குழுக்கூட்டங்கள் பொதுவாக மூடியவைதான். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நிலத்தில் கட்டடம் வருகிறதென்றால், அறிவிப்பு பதிவு பெற்ற நில உரிமையாளருக்கே போகும். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தவர் பெயரில் பட்டா கிடையாது. அதனால் கடிதமும் கிடையாது. நிலம் கைமாறி, கோயிலைச் சுற்றி வேலி வந்த பிறகுதான் சேதி தெரியும் நிலை அவருக்கு. குடியிருப்போருக்கும் அறிவிப்பு என்று சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் போக வேண்டும். ஆனால் லயத்துச் சுவரில் அந்த அறிவிப்பின் நகலைத் தமிழில் ஒட்டுவதற்கு மன்றத்தின் ஒரு முடிவே போதும்.