தாதிப் பள்ளிக்கு முன்னால் உள்ள படிகள்



"வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளும் பிறந்துவிட்டன. இனி நமக்கு எதற்குப் படிப்பு?" இப்படிச் சொல்லும் பெண்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் தாதித் தொழில் வளர்ந்த வரலாற்றில் இக்கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. அதனை இன்று காண்போம்.

பாஸ்டன் நகரில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையில், மேரி எலைசா மஹோனி என்ற கறுப்பினப் பெண்மணி வேலை பார்த்தார். சமைப்பது, துணி வெளுப்பது, கூட்டித் துடைப்பது என்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்தார். 1878-ஆம் ஆண்டில், தமது 33-ஆம் வயதில், அதே மருத்துவமனையின் தாதிப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். பயிற்சிக் காலம் 16 மாதங்கள். அவருடன் சேர்த்து நுழைந்தவர்கள் 42 பேர். 1879-இல் பயிற்சியை முடித்தவர்கள் நால்வரே. அந்நால்வரில் மேரியும் ஒருவர். அமெரிக்காவில் முறையாகப் பயின்று தேறிய முதல் கறுப்பினத் தாதி அவர்தாம்.

அக்காலத்தில் தாதிப் பயிற்சி மிகக் கடினமானது. பல பள்ளிகளில் புதிதாக வந்த மாணவியை உடனே நோயாளிகளிடம் அனுப்பிவிடுவார்கள். நாள் முழுவதும் வார்டு வேலை. உடல் களைத்த பிறகே பாடம். உடலின் அமைப்பை அறியுமுன்னே நோயாளியைத் தொட வேண்டிய நிலை. இதனை மாற்ற முன்வந்தவர் அடிலெய்ட் நட்டிங் அம்மையார். 1901-இல் பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைப் பள்ளியில் ஆறு மாத ஆயத்தப் படிப்பை அவர் தொடங்கினார். முதலில் உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம். அதன் பிறகே வார்டு.

ஆயினும் குடும்பப் பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. மூன்றாண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்கக்கூடிய, மணமாகாத இளம்பெண்களையே பெரும்பாலான மருத்துவமனைப் பள்ளிகள் சேர்த்தன. 1952-இல் மில்ட்ரெட் மாண்டேக் அம்மையார் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தினார். வட்டாரக் கல்லூரிகளில் இரண்டாண்டுத் தாதிமைப் படிப்பு தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே கல்லூரிக்குப் போய் வரலாம். மணமானவர்களும், வயதில் மூத்தவர்களும், ஆண்களும் சேர்ந்தார்கள். படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் உரிமத் தேர்விலும் தேறினார்கள்.

இன்று அந்நாட்டில் பல கல்லூரிகள், தாதிமை வகுப்பில் சேருமுன்பே சில பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்கின்றன. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், இரசாயனம், மனோதத்துவம், மொழி, கணக்கு ஆகியவை அவற்றுள் சில. நட்டிங் அம்மையார் பள்ளிக்குள் வைத்த ஆயத்தப் படி, இப்போது வாசலுக்கு வெளியே வந்திருக்கிறது.

நெடுநாள் கழித்துப் படிக்க வருபவர்கள் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். அறிவியல் பாடங்களில் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மதிப்பெண் செல்லாது என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. ஒரு பாடத்தில் தேறினால்தான் அடுத்ததை எடுக்கலாம் என்ற விதியும் உண்டு. வரிசை தவறினால் ஓராண்டு வீணாகும். செலுத்திய கட்டணமும் போகும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். இரண்டு மூன்று கல்லூரிகளின் நிபந்தனைகளை முதலில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். மொழி, மனோதத்துவம் போன்ற பாடங்களை முன்னதாக முடிக்கிறார்கள். கெடு உள்ள அறிவியல் பாடங்களைச் சேரும் காலத்திற்கு அருகில் வைத்துக்கொள்கிறார்கள். வேலையும் வீடும் உள்ளவர்கள், ஒரு பருவத்தில் ஒரு கடினமான பாடத்தை மட்டும் எடுக்கிறார்கள்.

நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். ஆனால் நிபந்தனையை முதலில் கேட்டறிந்து, நாளை எண்ணி நடக்கும் முறை எங்கும் ஒன்றே. பால்மரக் கன்றை நட்ட மறுநாளே நாம் வெட்டப் போவதில்லையே! மரம் பருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். அந்தக் காலம் வீண் என்று யாரும் சொல்வதில்லை. படிப்புக்கு முந்திய படிப்பும் அப்படித்தான்.

33 வயதில் பள்ளிக்குள் நுழைந்த மேரியை எண்ணிப் பார்ப்போம். நம் வீட்டுப் பெண் ஒருத்தி மீண்டும் படிக்க விரும்பினால், "வயதாகிவிட்டதே" என்று தடுக்காமல், "முதலில் எந்தப் பாடம்?" என்று கேட்போம்.