கொலாஜன்: அடையாற்றில் ஓர் இழை, முகத்தில் ஓர் ஊசி

தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தோல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகள் இன்று கண்ணில் படாமல் போவதில்லை. முகத்தின் பள்ளங்களை ஊசிவழி நிரப்பும் ‘ஃபில்லர்’ நேற்று வந்த நாகரிகம் என்று தோன்றலாம். அதன் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. அதில் ஒரு முக்கியமான இழை இந்த நகரத்தின் வழியாகவே செல்கிறது.

1899-இல் வியன்னாவின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விதையை இழந்த இளைஞர் ஒருவருக்கு வாசலினைச் செலுத்தி அந்த இடத்தை நிரப்பினார். விரைவிலேயே பாரஃபின் மெழுகு மூக்குகளுக்கும் கன்னங்களுக்கும் ஏறியது. ஏறிய மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிகளாகத் திரண்டது. பேரழகி எனப் பெயர்பெற்று, பின்னர் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கனின் மூக்குத்தண்டில் ஏற்றிய மெழுகு தாடைக்கு இறங்கி, அவரது முகத்தையே குலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும், 1960-களில் அமெரிக்காவிலும் திரவ சிலிகான் அதே வாக்குறுதியுடன் வந்தது. அதன் முடிச்சுகள் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டின. அழகுக்காக அதை முகத்தில் ஏற்ற அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்றுவரை ஒப்புதல் தரவில்லை.

இனி சென்னைக்கு வருவோம். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்று அங்கு வந்த அறிஞர் ஜே. டி. பெர்னல் சொன்னது அவரைத் தூண்டியது. தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் புரதம் கொலாஜன். தோல் பதனிடுவோரின் மூலப்பொருளும் அதுவே. அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் ஆராய்ந்த ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தை 1954-இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தனர். 1955-இல் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினர். அந்த நிலையத்தின் அரங்கு இன்றும் ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

அதே கொலாஜன், மாட்டின் தோலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஃபில்லரானது. நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதால், முன்கையில் சோதித்துப் பார்த்த பின்னரே முகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. சில மாதங்களில் உடல் அதைக் கரைத்துவிடும். வாடிக்கையாளருக்கு இது குறை, மருத்துவருக்கோ பாதுகாப்பு.

குறையைப் போக்க வந்ததே நிரந்தர ஃபில்லர். 2006-இல் ஒப்புதல் பெற்ற ஆர்ட்டிஃபில்லில் ஐந்தில் நான்கு பங்கு மாட்டுக் கொலாஜன். எஞ்சியது 30 முதல் 50 மைக்ரான் அளவுள்ள அக்ரிலிக் மணிகள். கொலாஜன் கரைந்துபோகும், மணிகள் தங்கிவிடும். அவற்றைச் சுற்றி உடல் தன் சொந்தக் கொலாஜனை வளர்த்துக்கொள்ளும். நுணுக்கமான ஏற்பாடுதான். ஆனால் மணிகளைச் சுற்றி முடிச்சுகள் உருவானால், கரைக்க மருந்து கிடையாது. சில வேளைகளில் கத்தியைத்தான் நாட வேண்டும்.

ஹையலுரானிக் அமில ஃபில்லர்கள் இன்று பெரும்பான்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹையலுரானிடேஸ் என்னும் நொதியால் அவற்றைக் கரைத்துவிடலாம். அவையும் ஆபத்தற்றவை அல்ல. எந்த ஃபில்லரும் தவறி இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே போகலாம். ஆனால் கரையக்கூடியதற்குக் கையில் ஒரு மாற்று உண்டு. நிரந்தரமானதற்கு அது இல்லை.

இங்கே இன்னொன்றும் உண்டு. முகம் நிலையானதல்ல. வயது ஏற ஏற எலும்பு தேயும், கொழுப்பு இறங்கும். நாற்பதில் பொருந்திய மேடு அறுபதில் பொருந்தாது. ராமச்சந்திரன் ஆராய்ந்த இழையை உடல் சிதைத்தும் மீண்டும் கட்டியும் காக்கிறது. அக்ரிலிக் மணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஊசிக்கு முகம் கொடுப்பவர் விலைக்கு முன் கேட்க வேண்டியவை இவை: பொருளின் பெயர் என்ன? அது கரையுமா? கரையாதென்றால், பத்தாண்டு கழித்து வரும் முடிச்சை எடுக்கப்போகிறவர் யார்?