கல் மண்ணான கதை

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். பல்லவர் காலத்து உளி பட்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகியும் யானை அப்படியே நிற்கிறது. அடுத்த முறை போனால், பாறையில் மழைத் தண்ணீர் வழியும் இடத்தைக் கவனியுங்கள். கறுப்பாகப் பட்டை பட்டையாக இருக்கும். அழுக்கு என்று நினைப்போம். பெரும்பாலும் அது பாசியும் நுண்ணுயிர்களும் குடியிருக்கும் இடம். அவை விடும் அமிலம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. சிற்பத்துக்கு அது கேடுதான். ஆனால் இதே வேலை வெயிலோடும் மழையோடும் வேரோடும் சேர்ந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்ததால்தான் நமக்கு மண் கிடைத்தது.

நம் செங்கல்பட்டுச் சீமையில் செம்மண்ணும் செம்புரைச் சரளையும் நிறைய. 1800-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து மலபாருக்குப் பயணம் போன பிரான்சிஸ் புக்கானன், அங்கே செம்புரைக்கல்லை வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். 1807-ல் வெளியான தம் நூலில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் செங்கல் என்று பொருள். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில், இத்தகைய சரளைப் பள்ளத்தில்தான் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அந்தச் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். அந்தத் துருவில் நுண்ணுயிருக்கும் பங்கு உண்டு என்பது அன்று இருவருக்கும் தெரியாது.

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. வேலையில் சேர்ந்த புதிதில், செம்மண் மேட்டுக்குக் கீழே இருந்த நெல் வயலுக்கு ஒரு பெரியவர் கூட்டிப் போனார். தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி ஆடை மினுமினுத்தது. "உங்க பம்புசெட்டு எண்ணெய்தான் கசியுதுங்க, ஐயா" என்றேன். அவர் ஒரு குச்சியால் கலக்கிக் காட்டினார். ஆடை சில்லு சில்லாக உடைந்தது. "எண்ணெயா இருந்தா மறுபடியும் ஒண்ணு கூடுமே, தம்பி!" என்றார். அன்று அவர்தான் எனக்கு வாத்தியார்.

அந்த ஆடை இரும்பு பாக்டீரியாவின் வேலை. தண்ணீரில் கரைந்த இரும்பைத் துருவாக்கி, அதில் கிடைக்கும் சக்தியைக் கொண்டு சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 1888-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி எழுதினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1988-ல், அமெரிக்காவில் டெரெக் லவ்லி குழுவினர் இதற்கு நேர்மாறான பாக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள். காற்று இல்லாத சேற்றில் அது துருவையே கொண்டு சுவாசிக்கிறது. துரு கரைந்து மறுபடியும் தண்ணீருக்கு வருகிறது.

இதில் நமக்கென்ன லாபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். செம்மண்ணில் நீங்கள் காசு கொடுத்துப் போடும் சூப்பர் பாஸ்பேட்டின் மணிச்சத்தில் பெரும்பங்கை இந்த இரும்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். நெல் வயலில் தண்ணீர் நின்றால் துரு கரைந்து, பிடிபட்ட மணிச்சத்திலும் ஒரு பகுதி விடுபடுகிறது. மேட்டு நிலத்தில் மணிலாவுக்கும் பயறுக்கும் அந்த வசதி இல்லை.

அங்கே உதவுவது வேறு நுண்ணுயிர். அமிலம் சுரந்து மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர்களைப் பிரித்தறியும் முறையை 1948-ல் சோவியத் நாட்டின் பிகோவ்ஸ்காயா வெளியிட்டார். அந்த இனம்தான் இன்று பாஸ்போபாக்டீரியா என்று பொட்டலத்தில் கிடைக்கிறது. நெல்லுக்கும் போடலாம். நடவு வயலுக்கு ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் 4 வாங்கி, 10 கிலோ மக்கிய தொழு உரமும் 10 கிலோ மண்ணும் கலந்து, நடவுக்கு முன் தூவுங்கள். ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள். பொட்டலத்தை வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது உயிர்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அந்த உயிருக்கும் தீனி வேண்டும். தொழு உரமும் தழை உரமும் காட்டாத மண்ணில் பொட்டலம் போட்டுப் பயனில்லை. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவுக்கு மட்டும் உரம் வாங்குங்கள். கல்லையே மண்ணாக்கிய வேலைக்காரன் உங்கள் வயலிலேயே இருக்கிறான். அவனுக்குச் சோறு போடுங்கள்.