ஓரி கொடுக்காத நாள்

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். சரி, ஓரி? கொல்லிமலைக்காரன், ஒரே அம்பில் நாலஞ்சு மிருகத்தை வீழ்த்தினவன். அதோட நிறுத்திக்குவோம். என்ன கொடுத்தான்னு கேட்டா சட்டுனு பதில் வராது.

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை ஒரு மதில் மாதிரி எழுந்து நிற்கும். இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் மேலே போகணும். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் யாழையும் முழவையும் சுமந்துக்கிட்டுப் பாணர்கள் இந்த மலைக்கு ஏறியிருக்காங்க. ஓரி எப்படிப்பட்ட ஆள் என்பது அவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

முதலில் புறநானூறு 152. பாடியவர் வன்பரணர். காட்டில் ஒருவன் விட்ட அம்பு யானையைச் சாய்த்து, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. நாமெல்லாம் இதோடு நின்றுவிடுகிறோம். பாட்டின் விஷயமே அதற்கப்புறம்தான் இருக்கு. பாணர் கூட்டம் அவனைப் பார்க்கிறது. கூலிக்கு வேட்டையாடுகிற ஆள் மாதிரி இல்லையே, ஓரியாக இருக்குமோ என்று சந்தேகம். யாழ், முழவு, ஆகுளி எல்லாவற்றையும் இசைத்துப் பாடுகிறார்கள். பாட்டில் தலைவனின் பெயர் வந்ததும் அந்த வேட்டுவன் வெட்கப்பட்டுப் போகிறான். ஏன்னா அது அவன் பெயர். ஆனால் 'நான்தான் ஓரி' என்று வாய் திறப்பதில்லை. இவர்கள் வந்த காரியத்தைச் சொல்லக்கூட இடம் கொடுக்காமல், வேட்டையாடின மான் கறியையும் கள்ளையும் தந்து, கூடவே தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். அரண்மனை இல்லை, அவை இல்லை, பார்த்து மெச்ச ஆளும் இல்லை. நடுக்காடு.

கேட்பவன் வாயால் 'கொடு' என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டான் என்பதைக் கவனிக்கணும். அந்த ஒரு சொல்லைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை ஓரியிடமே வேறொரு புலவர் சொல்லியிருக்கிறார். அவர் கழைதின் யானையார். பாட்டு புறநானூறு 204. பிச்சை கேட்பது கேவலம், இல்லையென்று கைவிரிப்பது அதைவிடக் கேவலம். வலியப் போய்க் கொடுப்பது உயர்வு, அதை வேண்டாமென்று மறுப்பது அதைவிட உயர்வு. இந்தக் கருத்தை மேடைகளில் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாட்டு யாரைப் பார்த்துப் பாடியது என்பதையும், அது எப்படி முடிகிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

முடிவு இதுதான். நாடிப் போனவருக்குப் பரிசு கிடைக்காவிட்டால், தான் புறப்பட்ட நேரத்தையும் பறவைச் சகுனத்தையும் நொந்துகொள்வாரே தவிர, கொடுப்பவரைப் பழிக்க மாட்டார். அதனால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை, மழைபோல வரையாமல் கொடுப்பவனே, நீ வாழ்க. வருத்தமில்லை என்று ஒருவர் எப்போது சொல்வார்? வருத்தப்படக் காரணம் இருக்கும்போதுதானே! அன்றைக்கு ஓரியிடமிருந்து பரிசு வரவில்லை, அல்லது தள்ளிப்போயிருக்கிறது. அப்படித்தான் எனக்குப் படுகிறது. ஈகையைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று, ஒரு வள்ளல் கொடுக்காத நாளில் பிறந்திருக்கிறது. அது அவன் பெயரோடேயே நின்றும்விட்டது.

ஓரியின் முடிவு சோகமானது. திருக்கோவலூர்ப் பக்கம் முள்ளூர் மலையை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209 சொல்கிறது. காரி ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் நற்றிணை 320-ல் வருகிறது. அந்தக் காரி யாரு? அவனும் இதே ஏழு வள்ளல்களில் ஒருத்தன்! சிறுபாணாற்றுப்படை இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. காரி என்ற குதிரை மேல் காரி, ஓரி என்ற குதிரை மேல் ஓரி, இருவரும் மோதியதையும் அங்கேயே சொல்கிறது. ஆக, வள்ளல் என்றால் சாது என்று அர்த்தமில்லை. ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, அவன் மலையையே மூன்றாவது ஆளுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறான்.

கொல்லியில் சண்டை அதோடு முடியவில்லை. கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இரு பெரு வேந்தரையும் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றதாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்கிறது. பதிகங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை. இருந்தாலும் அதில் ஒரு செய்தி இருக்கு. அவனைப் பாடிய அரிசில்கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணம் பொன்னும், அதோடு அரசுக் கட்டிலும் கொடுத்தானாம். நீயே ஆளு என்று அரசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புலவர் அமைச்சுப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். கொடுப்பதைவிட மறுப்பது உயர்வு என்று ஓரிக்குச் சொன்னதை, ஓரியின் மலைக்காகச் சண்டை போட்ட சேரனிடம் இன்னொரு புலவர் செய்து காட்டியிருக்கிறார்.

முழுசா வாழ்வது என்றால் தோற்காமல் இருப்பது என்று நினைக்கிறோம். ஓரி போரில் தோற்றான், நாட்டையும் உயிரையும் இழந்தான். ஒரு நாள் கொடுக்கவும் தவறியிருக்கிறான். ஆனால் அவன் கை நீண்டபோது எதிரில் இருந்தவன் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அவன் கொடுக்காத நாளில்கூட ஒரு புலவரால் அவனை வாழ்த்திவிட்டு இறங்கிப் போக முடிந்திருக்கிறது.

ஒவ்வொரு ஆடி மாதமும் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. போகிறவர்கள் 152-வது பாட்டைக் கடைசிவரை ஒருமுறை படித்துவிட்டுப் போங்க. அம்பு உடும்பில் தைத்ததற்கு அப்புறம்தான் ஓரி வருகிறான்.