பத்தியக் கறி

கத்தரிக்காயைப் போலத் தமிழர் நாவைக் கவர்ந்த காய் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. புல்வேளூர்ப் பூதன் என்பவன் இட்ட வரகரிசிச் சோற்றையும் வழுதுணங்காய் என்னும் கத்தரிக்காய்க் கறியையும் புளித்த மோரையும் விலைமதிப்பற்ற விருந்தாகப் போற்றும் தனிப்பாடல் ஔவையார் பெயரால் வழங்கிவருவதை அறியாதார் அரியர். அந்த வழுதுணையை உண்ட மாத்திரத்தில் சிலருக்கு உதடு தடிப்பதும், தொண்டை கமறுவதும், உடலெங்கும் நமைச்சல் எடுப்பதும் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அனுபவம். அந்த வரகையுங்கூடச் சோளம், கம்பு, வாழைக்காய், பாகல் முதலியவற்றோடு சேர்த்து, தோலில் கரப்பானை உண்டாக்கும் கரப்பான் பண்டம் என்றே வைத்தியர்கள் விலக்கிவந்தார்கள்.

1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவரான பிர்க்கே என்பவர் அலர்ஜி என்ற பெயரை வழங்குவதற்கு முன்பே, ஒருவன் உடம்புக்கு ஒத்த பதார்த்தம் இன்னொருவன் உடம்புக்கு ஒவ்வாது என்ற உண்மையை ஏட்டிலும் வழக்கிலும் நம்மவர் பதித்திருந்தனர். திருவள்ளுவர் மருந்து என்ற தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில் மருந்துச் சரக்குகளைப் பற்றிப் பேசுவதைவிட, உடலுக்கு மாறுபடாத உணவையும் அதன் அளவையும் காலத்தையும் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். ஆயினும் ஒவ்வாததை நீக்கிவிட்டால் இலையில் விழும் வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் நூலாசிரியர்களல்லர், அடுப்படியில் நின்ற ஸ்திரீகளே என்பது என் துணிபு.

இது எத்தனை கடினமான காரியம் என்பது, மருந்துண்ணும் காலத்தில் காக்கும் இச்சாபத்தியத்தில் நீக்கத்தக்கவை என்று சித்த மருத்துவ மரபு கூறும் ஜாபிதாவைப் பார்த்தால் விளங்கும். கடுகு, நல்லெண்ணெய், பூசணி, கடலை, தேங்காய், மாங்காய், பலா, பெருங்காயம், வெள்ளுள்ளி, கொள், பாகல், அகத்தி ஆகிய இவையெல்லாம், புகையிலையோடும் மதுவோடும் ஒரே வரிசையில் விலக்கப்பட்டுள்ளன. பாகலும் அகத்தியும் ஔஷதத்தின் வீரியத்தை முறித்துவிடும் என்பது வைத்தியர் கொள்கை. கடும்பத்தியமாயின் உப்பும் புளியும்கூடப் போய்விடும். மருந்து நின்ற பிறகும் மறுபத்தியம் என்று மேலும் சில நாள் அதே நியமத்தில் இருக்க வேண்டும். தாளிக்கக் கடுகில்லை, வதக்க நல்லெண்ணெயில்லை, அரைத்துவிடத் தேங்காயில்லை, மணத்துக்குப் பெருங்காயமில்லை என்ற நிலையில், வியாதியால் ஏற்கெனவே அருசி கண்டு கிடப்பவனைச் சாப்பிட வைப்பது சாமானியமான வித்தையா?

அந்த வித்தையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பூசணிக் கூட்டுச் செய்யும் நாளில் பத்தியக்காரருக்கென்று தனிச் சட்டியில் அவரைப் பிஞ்சை நார் எடுத்து நறுக்கிப் போடுவார்கள். வெறும் வாணலியில் சிவக்க வறுத்த பாசிப்பருப்பு அதில் சேரும். தேங்காய்க்கு ஈடாக, அந்தப் பருப்பையே கரண்டியால் மசித்துக் கறிக்குச் சேர்மானம் தருவார்கள். மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, கடுகின் இடத்தில் சீரகத்தையே நெய்யில் பொரித்துக் கொட்டி, கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு இறக்குவார்கள். அகத்திக்கு மாற்றாக மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வரும். குடும்பத்தார் அனைவருக்கும் கூட்டும் கீரையும் உண்டு, பத்தியக்காரருக்கும் கூட்டும் கீரையும் உண்டு. தாம் ஒருவர் மட்டும் கஞ்சிக்குத் தள்ளப்பட்டோம் என்ற கிலேசம் அவருக்கு நேராதபடி காத்த இந்தத் தாட்சண்யத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

காயை மாற்றுவதற்கு முன், அதன் பருவத்தை மாற்றிப் பார்ப்பதும் அவர்கள் வழக்கம். முற்றிய கத்தரியை விலக்கியவர்களே விதை கட்டாத கத்தரிப் பிஞ்சைப் பத்தியத்துக்கு உரியதாக ஏற்றுக்கொண்டார்கள். முருங்கை, அவரை, அத்தி ஆகியவற்றின் பிஞ்சுகளுக்கும் அந்த மதிப்பு உண்டு. சித்தர் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியில் வாழையின் இளம்பிஞ்சுக்கு மட்டும் அனுமதி இருப்பதையும், கிழங்குகளில் கருணை ஒன்றே விலக்கிலிருந்து தப்புவதையும் காணலாம். கருணையோ நாக்கை அரிப்பது! ஆயினும் அவ்வரிப்பு ஊசிபோன்ற நுண்ணிய ஆக்சலேட் படிகங்களால் எல்லோருக்கும் நேர்வது. ஆகையால் கிழங்கை நெடுநாள் வைத்திருந்து, அரிசி கழுநீரிலும் புளியிலும் வேகவைத்து, கிழங்கையே திருத்தினார்கள். கத்தரியின் நமைச்சலோ சிலருக்கே உரியது. அங்கே ஆளுக்குத் தக்கபடி காயை மாற்றினார்கள். இவ்விரண்டையும் பிரித்தறிந்து வெவ்வேறு உபாயம் செய்த நுட்பம் எனக்குப் பெரிதும் வியப்பளிக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே அமெரிக்க தேசத்து மிளகாய் வந்து சேர்ந்து, காலக்கிரமத்தில் மற்ற அடுப்புகளையெல்லாம் தன்வசமாக்கிக்கொண்ட பிறகும், பத்தியச் சட்டிக்குள் அது எளிதில் நுழையவில்லை. அங்கே உறைப்பு மிளகின் பொறுப்பாகவே நின்றது. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்துச் சமைக்கும் சரக்குக் கறியில் இதை இன்றும் காணலாம். இச்சாபத்தியத்தில் விலக்குண்ட வெள்ளுள்ளி பிரசவப் பத்தியத்தில் பிரதானமாய் அமர்வது முரண்போலத் தோன்றும்; பத்தியம் நோய்க்கும் ஆளுக்கும் ஏற்ப வகுக்கப்பட்டது என்பதை உணர்ந்தால் முரண் நீங்கும். சிராத்தச் சமையல் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் முட்டைக்கோஸையும் இன்றளவும் சேர்ப்பதில்லை. பத்தியச் சமையலோ அப்படிப் பிடிவாதம் பிடிக்காமல், மெக்சிகோவிலிருந்து வந்த சௌசௌவையும் சீமைக் காரட்டையும் எளிதில் ஜீரணமாவன என்று கண்டு காலப்போக்கில் தன்னுள் இடம் கொடுத்தது.

மைசூர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கத்தரிக்காய் ஒவ்வாமையை முறைப்படி பரிசோதித்து, அது பெண்களிடையே மிகுதி என்று 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இன்று ஒவ்வாமைக்கு வைத்தியம் செய்துகொள்பவர் கையில் விலக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சாம்பாரில் கத்தரி இருந்த இடத்தில் எதைப் போடுவது, அதை எப்படிப் பக்குவம் செய்வது என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு முதல் சித்த மருத்துவத்துக்கென்று அரசுக் கல்லூரி நடந்துவருகிறது. அத்தகைய கல்லூரிகளின் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தம் பாட்டிமாரிடம் எந்தக் காய்க்கு ஈடாக எந்தக் காயை எந்தப் பருவத்தில் பறித்துப் போட்டார்கள், எதில் தாளித்தார்கள், எத்தனை நாள் தொடர்ந்தார்கள் என்று கேட்டு, நாஞ்சில் நாட்டு வழக்கையும் தஞ்சாவூர் வழக்கையும் கொங்கு நாட்டு வழக்கையும் தனித்தனியே எழுதி வரும்படி ஆசிரியர்கள் பணிக்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்குச் சிலராவது இருக்கிறார்கள்.