லண்டனும் கரை ஒதுங்கிய திமிங்கலங்களும்

கடற்பாலூட்டிகளின் உடலமைப்பு, நோய், மரணம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வில் லண்டனுக்கு மூன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. நகரம் கடலோரத்தில் இல்லை. ஆனாலும் தேம்ஸ் ஆற்றின் வழியாகவும் மீன் வியாபாரிகள் வழியாகவும் திமிங்கலங்களும் கடற்பன்றிகளும் அங்கே அறுவை மேசைக்கு வந்து சேர்ந்தன. ஆழ்கடலில் வாழும் விலங்கை உயிரோடு பரிசோதிப்பது இன்றும் அரிது. எனவே இத்துறையின் அறிவில் பெரும்பங்கு கரை ஒதுங்கிய உடல்கள் தந்ததே.

தேம்ஸுக்குள் நுழைந்து பிடிபட்ட ஒரு கடற்பன்றியை மருத்துவர் எட்வர்ட் டைசன் கிரெஷாம் கல்லூரியில் அறுத்து ஆராய்ந்து, 1680-இல் நூலாக வெளியிட்டார். அன்று பெரும்பாலோருக்கு அது மீன்தான். வெளித்தோற்றத்தில் மீனாக இருந்தாலும், உள்ளுறுப்புகளில் அது நாலுகால் விலங்கையே ஒத்திருக்கிறது என்று டைசன் காட்டினார். திமிங்கல இனத்தைப் பாலூட்டிகளோடு சேர்க்க லின்னேயஸ் முன்வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1758-இல்.

அடுத்த பெரிய பெயர் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். 1783-இல் லண்டன் பாலத்துக்கு அருகே பிடிபட்ட புட்டிமூக்குத் திமிங்கலத்தை அவர் ஆராய்ந்தார். திமிங்கல வேட்டைக் கப்பலில் ஓர் உதவியாளரைத் தன் செலவில் வடகடலுக்கும் அனுப்பினார். போனவர் ஒட்டுண்ணிகள் படிந்த ஒரு துண்டுத் தோலோடு திரும்பி வந்தார்! பணம் போனாலும் ஹன்டர் சளைக்கவில்லை. கிடைத்த உடல்களை வைத்தே 1787-இல் திமிங்கலங்களின் அமைப்பைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு ஒரு நீண்ட கட்டுரை அளித்தார்.

ஆனால் துறையின் உண்மையான திருப்பம் கத்தியால் வந்ததல்ல, தந்தியால் வந்தது. கரையொதுங்கும் திமிங்கலம் மன்னருக்குச் சொந்தம் என்று இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே சட்டம் இருந்தது. தெற்கு கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் விலங்கியல் பொறுப்பாளர் சிட்னி ஹார்மர் அந்தப் பழைய உரிமையைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தினார். 1913 முதல் கடலோரக் காவலர்களும் அரசு அதிகாரிகளும் ஒவ்வொரு திமிங்கலத்தையும் பற்றி அருங்காட்சியகத்துக்குத் தந்தியில் தெரிவித்தார்கள். நாள், இடம், நீளம், இனம் என்று பதிவேடு வளர்ந்தது. உலகப் போர்களின்போது பதிவுகள் குறைந்தன; கரையில் நின்று பார்க்க ஆள் இல்லாததால் குறைந்த எண்ணிக்கையைத் திமிங்கலங்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1913 முதல் 2015 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்ந்த இத்தகைய பதிவுகள் 17,000-க்கும் மேல். ஒரு நூற்றாண்டு அறுபடாமல் ஓடிய கணக்கு கடலியலில் அபூர்வம்.

ஹார்மருக்குப் பின் வந்த பிரான்சிஸ் ஃபிரேசர், சரவாக்கிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வந்து அருங்காட்சியகத்தில் கிடந்த ஓர் எலும்புக்கூட்டிலிருந்து 1956-இல் புதிய ஓங்கில் (டால்பின்) இனம் ஒன்றை அடையாளம் கண்டார். பீட்டர் பர்வ்ஸுடன் சேர்ந்து 1960-இல் அவர் எழுதிய திமிங்கலச் செவி பற்றிய ஆய்வு நெடுங்காலம் அடிப்படை நூலாக இருந்தது.

அதுவரை கேள்வி ‘இது எந்த இனம்?’ என்பதே. ‘ஏன் செத்தது?’ என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது 1988-இல் வட ஐரோப்பாவில் பரவிய கடல்நாய்க் கொள்ளைநோய். நாய்களைத் தாக்கும் டிஸ்டம்பர் வைரஸுக்கு உறவான ஒரு வைரஸ் சுமார் 18,000 கடல்நாய்களைக் கொன்றது. அரசு விழித்துக்கொண்டது. 1990-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு, அருங்காட்சியகமும் பிற அமைப்புகளும் சேர்ந்து கரையொதுங்கல் புலனாய்வுத் திட்டம் தொடங்கியது. உடற்கூறாய்வு அங்கே துப்பறியும் வேலை. கொழுப்புப் படலத்தின் தடிமனில் பட்டினி தெரியும். பல்லின் வளர்ச்சி வளையங்களில் வயது தெரியும். வயிறு நிறைய மீனும் தோலில் வலைக்கோடும் இருந்தால் நல்ல ஆரோக்கியத்தோடு வலையில் மூச்சுமுட்டிச் செத்தது என்று பொருள். விலா எலும்புகள் நொறுங்கி, தோலில் பற்கோடுகள் இருந்தால் கொன்றது பெரும்பாலும் புட்டிமூக்கு ஓங்கில்! அழகுக்குப் பெயர்போன ஓங்கில்கள் கடற்பன்றிகளை அடித்தே கொல்லும்.

2002-இல் கானரித் தீவுகளில், ஒலி அலைகளால் கடலைத் துழாவும் சோனார் கருவி பயன்பட்ட கடற்படைப் பயிற்சியை ஒட்டி அலகுத் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையொதுங்கின. லண்டன் ஆய்வாளர் பால் ஜெப்சனும் கானரித் தீவுகளின் அன்டோனியோ ஃபெர்னாண்டஸும் குழுவினரோடு 2003-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, அவற்றின் உறுப்புகளில் வாயுக் குமிழ்ச் சேதம் இருந்ததைக் காட்டியது. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும் முக்குளிப்போருக்கு வரும் நோய் போன்றது அது. பிறவி முக்குளிப்பான்களுக்கு அந்த நோய் வராது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2004-இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றிக் கடற்படை சோனாரைத் தடை செய்தது.

2006 ஜனவரியில் நாடாளுமன்றத்தைக் கடந்து தேம்ஸில் நீந்திய புட்டிமூக்குத் திமிங்கலத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மீட்புப் படகில் அது இறந்தது. நீர் வற்றல், தசைச் சேதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை உடற்கூறாய்வில் தெரிந்தன. புகழ் அதற்குக் கிடைத்தது. அறிவியலுக்கு அதைவிட அதிகம் தந்தவை செய்தியில் வராத கடற்பன்றிகள்தாம்.

அந்தக் கடற்பன்றிகளின் கொழுப்பில்தான் பி.சி.பி. என்ற வேதிப்பொருளின் கதை வெளிப்பட்டது. டிரான்ஸ்பார்மர்களில் பயன்பட்ட இது 1980-களில் ஐரோப்பாவில் தடை செய்யப்பட்டது. ஆனால் கடலில் அழியவில்லை. தொற்றுநோயில் இறந்தவற்றின் உடலில் அதன் அளவு அதிகம் என்பதை ஜெப்சன் குழு காட்டியது. தாய்ப்பாலோடு அது குட்டிக்கும் போகிறது. 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் இறந்து கிடந்த லூலு என்ற ஓர்க்காவின் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் பி.சி.பி. இருந்தது. 20 முதல் 40 மில்லிகிராமே தீங்கு தரும் அளவு. குறைந்தது இருபது வயதான லூலு ஒருமுறையும் குட்டி ஈன்றிருக்கவில்லை.

தமிழகக் கரையிலும் பதிவுகள் உண்டு. 1973 ஜனவரியில் தூத்துக்குடிக்குத் தெற்கே 147 திமிங்கலங்களும், 2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்பு பைலட் திமிங்கலங்களும் கரையேறின. இத்தகைய நிகழ்வை முதலில் காண்பவர் பெரும்பாலும் மீனவரே. ஓங்கிலோ ஆவுளியாவோ (கடற்பசு) ஒதுங்கியிருப்பதைக் காண்பவர்கள் நாள், இடம், நீளம், ஒரு படம் ஆகியவற்றை உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உடல் அழுகத் தொடங்கினால் இறப்பின் காரணமும் அதோடு போய்விடும்.